அறுக்காமல் அவிழ்த்த கயிறு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று விட்டுப்போன இடமும், எழுத்து மாறிப்போன இடமும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்காகத்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்துப் பேச நாக்கு வராதவனுக்குக் காகிதம் ஒரு வசதி. அது முகத்தைப் பார்ப்பதில்லை.

இதை எழுதும்போது எனக்கு முன்னால் ஒரு கறுப்புக் கயிறு கிடக்கிறது. அரைஞாண் கயிறு. எங்கள் பக்கத்தில் அரணாக்கயிறு என்போம். என் அம்மா கடைசியாகக் கட்டிவிட்டது. நடு வயதுக்காரனுக்கு அம்மா கயிறு கட்டிவிடுவதா என்று சிரிக்க வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவன் நான். "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று ஒரு வீட்டில் கேட்டேவிட்டார்கள். அதனால் வருசத்துக்கு ஒருமுறை புதுக் கயிறு வாங்கி வந்து, பழையதன் மேலேயே புதியதைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை உருவி எடுப்பார் அம்மா. ஒரு நொடிகூட ஆம்பிளை இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் ஒருவனுடைய அரணாக்கயிற்றை அறுப்பது ஒரே ஒரு தடவைதான். அவன் செத்த பிறகு, குளிப்பாட்டும்போது. அம்மா போன பிறகு நான் அந்தக் கயிற்றை மாற்றவே இல்லை. நிறம் வெளுத்து, நூல் பிரிந்து, இடுப்போடு இடுப்பாக ஒட்டிக் கிடந்தது.

காரிமங்கலத்துக்கு மேற்கே எனக்குக் கொஞ்சம் காடும், அதாவது மேட்டு நிலமும், ஒரு கிணறும் உண்டு. தக்காளி வைப்பேன். பெட்டி தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. வீக்கத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெகுநாள் சமாளித்தேன். ஒருநாள் பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டியோடு கீழே உட்கார்ந்துவிட்ட பிறகுதான், பக்கத்துக் காட்டுக்காரர் என்னைத் திட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தருமபுரியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அன்று காலை அவரே வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "மார்க்கெட்டுக்கு லோடு நிக்குது. சாயந்தரம் வந்துடறேன், பயப்படாதப்பா" என்று பஸ்ஸுக்கு ஓடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. தக்காளி காத்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வாசல் பக்கம் பார்த்தேன், யாரோ வந்துகொண்டிருப்பது போல.

தியேட்டருக்கு வெளியே ஒரு சின்ன அறையில் பச்சை அங்கியை மாட்டிவிட்ட நர்சம்மா என் இடுப்பைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். ஆபரேஷன் நடக்கிற இடத்துக்குக் குறுக்கே கயிறு இருக்கக் கூடாதாம். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் கை தானாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. "கையை எடுங்க, நேரமாவுது" என்றார் அவர். நான் எடுக்கவில்லை. அப்போதுதான் கையில் ஒரு பையோடு உள்ளே வந்தார் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். மயக்க டாக்டரம்மா என்றுதான் அங்கே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். என் வயதுதான் இருக்கும். அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறவர் அல்ல. எங்கே ஆபரேஷன் என்று கூப்பிடுகிறார்களோ அங்கே தன் பையை எடுத்துக்கொண்டு போகிறவர். காலையில் தருமபுரி, மத்தியானம் பாலக்கோடு, சாயங்காலம் அரூர் என்று அவர் பிழைப்பு.

அவர் என் கையைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். "அறுக்க வேண்டாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, வெகுநாள் வியர்வையில் இறுகிப்போன முடிச்சை நகத்தாலும் ஊசி முனையாலும் நெம்பி நெம்பி அவிழ்த்தார். உள்ளே ஆபரேஷன் டாக்டர் கை கழுவி நின்றுகொண்டிருந்தார். "என்னங்க மேடம், கோயில் பூசையா நடக்குது?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. "அஞ்சு நிமிசம் சார். முடிச்சு கெட்டியா இருக்குது" என்றார் இவர். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "என்கிட்ட பத்திரமா இருக்கும்ணா. முடிஞ்சதும் நீங்களே கட்டிக்கலாம்" என்றார்.

பிறகு என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். முகம் மாறியது. "கடைசியா எப்பண்ணா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து மத்தியானமுங்க."

"சாப்பாடுதானே ராத்திரியோட நிறுத்தச் சொன்னாங்க? தண்ணி காலைல குடிக்கலாம்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. நாந்தானுங்க... எதுக்கும் இன்னும் சுத்தமா இருக்கட்டும்னு விட்டுட்டனுங்க."

எங்கள் ஊரில் அப்படித்தான். சாமிக்கு ஒருவேளை விரதம் என்றால் நாங்கள் இரண்டு வேளை இருப்போம். டாக்டரும் கிட்டத்தட்ட சாமிதான் என்று நினைத்துவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, முதலில் சலைன் ஏற்றச் சொன்னார். ஆபரேஷன் டாக்டர் மறுபடி எட்டிப் பார்த்ததற்கு, "காஞ்சு கெடக்கறாரு சார். கொஞ்சம் நனையட்டும்" என்றார். அது எனக்குப் புரிந்தது. காய்ந்த வயலில் நாற்று நட முடியாது.

உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, முதுகுத் தண்டில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் வெயிலில் காய்ந்த மணல் மூட்டை போலச் சூடாகிக் கனத்து, பிறகு என்னுடையவையே இல்லாமல் போயின. மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரை போலக் கட்டினார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். அதன் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். தலைமாட்டில் ஒரு பெட்டி என் நாடியை டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்துகொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் வயிறு. இந்தப் பக்கம் இருந்த அவருக்கு மட்டும் நான் முகம். என் பெயரைச் சொல்லி, பக்கத்தில் அண்ணா சேர்த்து, "எப்படி இருக்குது?" என்று கேட்டார். ஊரில் என்னை ஏம்பா என்பார்கள், தக்காளிக்காரரே என்பார்கள். அம்மாவுக்குப் பிறகு என் பெயரை முழுதாகச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நல்லாருக்குதுங்க" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிணறு எத்தனை ஆழம், காய் இப்போது என்ன விலை என்று கேட்பார். ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி "எப்படி இருக்குது?" என்பார். நானும் நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பக்கம் டாக்டர் உள்ளே எதையோ பிடித்து இழுப்பது தெரிந்தது. வலி இல்லை. ஆனால் தொப்புளுக்கு மேலே ஏதோ ஒன்று, கிணற்றிலிருந்து வாளியை வெடுக்கென்று இழுத்தது போல, மேலே எழும்பியது. வாயில் எச்சில் ஊறியது. நெற்றி நனைந்தது. பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. பெரிய மனுசிக்கு முன்னால் வாயைப் பிளக்கிறோமே என்று வெட்கப்பட்டு அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. டிக் டிக் சத்தம் நிதானித்தது. ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம் போல இருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கிணற்று மேட்டில் நின்று பேசுவது போலவும், நான் அடியில் இருப்பது போலவும் கேட்டது. அவர் முகம் என் முகத்துக்கு நேர் மேலே வந்தது. "எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று. நன்றாகவே தெரியும். ஆனால் என் வாய் பழக்கத்தில் சொன்னது: "நல்லாருக்குதுங்க."

"சார், கையை எடுங்க. இழுக்காதீங்க, விடுங்க!" என்றார் அவர். அதுவரை அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே தெரியாது. கத்தவில்லை, ஆனால் அந்த அறையில் வேறு குரல் எதுவும் இல்லாமல் போயிற்று. அட்ரோபின் என்று ஒரு பெயர், பிறகு அட்ரினலின் என்று ஒரு பெயர் காதில் விழுந்தன. "காலைத் தூக்குங்க, சலைன் பாட்டிலை அமுக்குங்க" என்றார். பிறகு டிக் சத்தம் வரவில்லை. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நெஞ்சின் மேல் ஏறி அமுக்கியது, மூக்கில் காற்று வைத்தது எல்லாம் பின்னால் அந்தக் கத்தரி நர்சம்மா சொல்லித்தான் தெரியும். "கொஞ்ச நேரந்தான். ஆனா நாங்கெல்லாம் பதறிப்போயிட்டோம். அவங்க மட்டும் பதறலை" என்றார். எனக்கு நினைவு வந்தபோது டிக் டிக் முன்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை. நான் முதலில் சொன்னது, "டாக்டரம்மா முன்னால கொட்டாவி வுட்டுட்டனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்பதுதானாம். திரைக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் டாக்டர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. முகக்கவசத்தை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மிச்ச வேலையையும் முடித்துத் தைத்தார்கள். அவர் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் என் கட்டில் பக்கத்திலேயே இருந்து, நான் கட்டை விரலை ஆட்டி, முழங்காலை மடக்கிக் காட்டிய பிறகுதான் பையை எடுத்தார். எடுத்த வேகத்தில் கயிற்றை மறந்துவிட்டார். எனக்கு அப்போதே நினைவு வந்தது. "டாக்டரம்மா, என் கயிறு" என்று மூன்று சொல். கதவு சாத்துகிற வரைக்கும் அது என் தொண்டையிலேயே நின்றது.

அன்று பூராவும் வெறும் இடுப்போடு படுத்திருந்தேன். சுற்றிலும் மற்ற கட்டில்களில் சொந்தக்காரர்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரரால் அன்று வர முடியவில்லை. லோடு இறக்க நேரமாகிவிட்டதாம். நெஞ்சில் அமுக்கிய இடம் மூச்சு விடும்போதெல்லாம் வலித்தது. அந்த வலிகூட ஒரு துணையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. யாரோ ஒருவர் நான் போய்விடக் கூடாது என்று பலமாக அமுக்கியிருக்கிறார்கள். அதுவரை எனக்காக யாரும் அவ்வளவு பலத்தைச் செலவு செய்ததில்லை. ஆனால் கை இடுப்புக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒன்றும் இல்லை. போனவன் போனவன்தான், உடம்பு மட்டும் இங்கே கிடக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் காலையில் அவர் வந்தார். அன்று அங்கே ஆபரேஷன் எதுவும் கிடையாது. பாலக்கோட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். "அண்ணா, உங்க கயிறு என்னோட வூட்டுக்கே வந்துடுச்சு. ராத்திரி சட்டையைத் தோய்க்கப் போடறப்பதான் பாத்தேன்" என்று சொல்லி, ஒரு மருந்துக் கவரில் மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தார். என்னால் கையை நீட்டத்தான் முடிந்தது.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒன்னு கேக்கணும். உங்க நாடி பாதிக்கும் கீழ போயிடுச்சு. அப்பவும் நல்லாருக்குதுன்னு சொன்னீங்க. ஏண்ணா?"

"கேட்டீங்களேன்னு சொன்னனுங்க."

"கேட்டா நெசத்தைச் சொல்லணுமில்ல?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னு..."

அவர் சிரித்தார். "நீங்க சொல்லலை. உங்க கொட்டாவிதான் சொல்லுச்சு. அதை நம்பித்தான் கையை எடுக்கச் சொன்னேன். அதுக்கு ஒரு கோயிலே கட்டலாம்ணா" என்றார்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்க ஆசை. கேட்காமலேயே அவர் சொன்னார். "உங்க கெணத்துல தண்ணி கீழ போயி மோட்டாரு காத்தை இழுத்தா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திடுவனுங்க. ஓட வுட்டா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பி கருகிடும்."

"அதேதான். முதுகு ஊசி போட்டதும் ரத்தமெல்லாம் காலுப்பக்கம் எறங்கிடும். நீங்க வேற ஒரு நாளு முழுக்கத் தண்ணியே குடிக்கலை. எவ்வளவு சலைன் ஏத்தியும் பத்தலை. அந்த நேரம் பார்த்து உள்ள இழுத்ததும், இதயம் பயந்துபோச்சு. காலியா எதுக்கு ஓடணும்னு தன்னையே நிறுத்திக்கப் பார்த்துச்சு. அது தன்னைக் காப்பாத்திக்கறதா நெனைச்சுக்குது. ஆனா நிறுத்தினா ஆளே போயிடுவாரு, அது அதுக்குத் தெரியாது. நாமதான் தண்ணிய ஊத்தி, மருந்தைக் குடுத்து, தட்டி எழுப்பி, ஓடுன்னு சொல்லணும்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். காலியானதும் ஓசைப்படாமல் நின்றுகொள்வது என் இதயத்துக்கு மட்டும் உள்ள பழக்கமாக எனக்குப் படவில்லை. அம்மா போன அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன். தங்கை ஓசூர் பக்கத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் நல்லாருக்கேன் என்று வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எழுந்து போகும்போது, ஆபரேஷன் டாக்டருக்குத்தான் எல்லோரும் கூடை கூடையாகக் காய் கொண்டுவருவார்கள் என்றும், மயக்க டாக்டரை யாருக்கும் அடையாளமே தெரியாது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். "கண்ணைத் தொறந்தப்ப என் மொகம் ஞாபகத்துல இல்லைன்னா நான் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்ணா." வாசலில் நின்று திரும்பி, "இனிமே கயிறு கட்டுனா அவுக்கற மாதிரி முடிச்சுப் போடுங்க. யாரும் கத்தரி எடுக்க வேண்டாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்கு வரவில்லை.

புண் ஆறி, அடுத்த தக்காளி காய்ப்பு வந்ததும், நல்ல காயாகப் பொறுக்கி ஒரு பெட்டி நிரப்பி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கண்டக்டரும் இன்னொருவரும்தான் ஏற்றி இறக்கினார்கள். பஸ் முழுக்க, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாட்ச்மேன், "டாக்டரு உள்ளதான் இருக்காரு, குடுத்துட்டுப் போ" என்றார். "இது மயக்க டாக்டரம்மாவுக்குங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்களுக்கா? அட, மயக்கம் குடுத்தவங்களுக்குத் தக்காளி கொண்டாந்த மொத ஆளு நீதாம்பா" என்று சிரித்துவிட்டு, டாக்டரம்மா தன் மகளோடு இருக்க வேறு ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. பெட்டியிலிருந்த காயை அந்தக் கத்தரி நர்சம்மாவிடம் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் காலிப் பெட்டி மடியில் இருந்தது. சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அப்படியே வாயில் இருந்தன.

அதற்குப் பிறகு மழைக் காலங்கள் சில வந்து போயின. காடு, கிணறு, மோட்டார், சாயங்காலமானால் ரேடியோ. கயிற்றை நான் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் தையல் புண் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். பிறகு, அதைக் கட்டிவிட ஆள் இல்லாமல் நானே எனக்குக் கட்டிக்கொள்வது என்னவோ போல இருந்தது. அந்த மருந்துக் கவரோடு சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

போன வாரம், வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் வந்தார். எங்கள் ஊர் மருமகள்தான். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டினார். உள்ளே அதே சிவப்பு வெளிச்சம். நகம் விளக்குப் போல ஆனது. "எப்படிண்ணா இருக்கீங்க?" என்றார், எழுதிக்கொண்டே. எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான். நல்லாருக்குதுங்க என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். திரைக்கு இந்தப் பக்கம் குனிந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது.

"நல்லா இல்லீங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என்னாண்ணா, மயக்கம் வருதா? நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. பேச ஆளில்லீங்க. சாயந்தரமானா தாங்க முடியலை."

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் தன் மருந்துப் பையைப் பார்த்தார். "இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லையேண்ணா" என்றார். பிறகு பையைக் கீழே வைத்து, வாசல்படியில் உட்கார்ந்தார். "ஒரு சொம்பு தண்ணி குடுங்க. குடிச்சுட்டுப் போறேன். அவசரமில்லை." தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டும் போகவில்லை. அப்போதுதான் மயக்க டாக்டரம்மாவைப் பற்றி முதல்முதலாக ஒரு ஆளிடம் வாயால் சொன்னேன். கொட்டாவி கதைக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிவில், "இதை அவங்களுக்கு நீங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுதுங்கண்ணா. எங்கியாவது அவங்க கண்ணுல படும்" என்றார். கூடவே என் போனை வாங்கி, தங்கையின் எண்ணைத் தேடி அழுத்தி, என் காதில் வைத்துவிட்டுப் போனார்.

தங்கை எடுத்தாள். "என்னாண்ணா, நீயா கூப்புடறே? நல்லாருக்கியா?" என்றாள். அவளிடமும் நிஜத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. டிக் சத்தத்துக்குக் காத்திருந்தது போலக் காத்திருந்தேன். பிறகு அவள் அழுதுகொண்டே, ஆடிப்பெருக்குக்கு வருவதாகச் சொன்னாள். நேற்று வந்தாள். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. வீடு மறுபடியும் பழையபடிதான் இருக்கிறது. ஆனால் கிணற்றடியில் அவள் தாலிச் சரடு மாற்றிக்கொண்டபோது, எனக்கும் ஒரு புதுக் கறுப்புக் கயிறு வாங்கி வந்திருந்தாள். அதை வேட்டி மேலேயே சுற்றி அவளே கட்டினாள். அம்மா போலவே இறுக்கப் போனாள். "இறுக்காத ஆத்தா, அவுக்கற மாதிரி போடு" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கும் கதையைச் சொன்னேன்.

டாக்டரம்மா, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, பழைய கயிறு இதோ மேசை மேல் இருக்கிறது. புதியது இடுப்பில் இருக்கிறது, இழுத்தால் அவிழ்கிற முடிச்சோடு. நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிந்தது: அன்றைக்கு நல்லா இல்லீங்க. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை.